ஞாயிற்றுக்கிழமைப் புகை

நர்ஸம்மா: ஊத்துங்க சம்பந்தி. என்ன, சொட்டு மருந்து விடற மாதிரி விடறீங்க?

ஜாம்காரர்: நீங்கதான் நர்ஸ். நான் வெறும் ஜாம் ஃபாக்டரி ஆளு.

நர்ஸம்மா: முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல அளந்து அளந்து எனக்குக் கை சலிச்சுப் போச்சு. இந்தச் சமையல்கட்டுலயாவது தாராளமா ஊத்துங்க.

ஜாம்காரர்: தண்ணி?

நர்ஸம்மா: ஒரு ஸ்பூன். ...ஆங், போதும். ம்ம்... வந்துடுச்சு.

ஜாம்காரர்: என்ன வந்துடுச்சு? போன வாரம் டிஞ்சர் வாசனைன்னீங்க.

நர்ஸம்மா: இன்னைக்கும் டிஞ்சர்தான். கூடவே கொஞ்சம் பஞ்சு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி யாரோ எதையோ கொளுத்துறாங்க. டியூட்டி முடிஞ்சு செருப்பை மாட்டிட்டு வெளிய வர்ற மாதிரி இருக்கு.

ஜாம்காரர்: அது சதுப்பு நிலத்து மண்ணு. காய வச்சு, கொளுத்தி, அந்தப் புகையில பார்லியை...

நர்ஸம்மா: தெரியும். வாரா வாரம் சொல்றீங்க.

ஜாம்காரர்: வாரா வாரம் நல்லாயிருக்கே, அதனால சொல்றேன். மாப்பிள்ளை என் பிறந்த நாளுக்கு ஒண்ணு கொடுத்தாரே, மரப்பெட்டியில...

நர்ஸம்மா: என் பையனைப் பத்தியா? சொல்லுங்க, சொல்லுங்க.

ஜாம்காரர்: தப்பா எதுவும் சொல்லலையே. பதினெட்டு வருஷத்து ஸ்காட்ச். பெட்டி ரொம்ப நல்லாயிருந்துச்சு.

நர்ஸம்மா: பெட்டியா!

ஜாம்காரர்: ஸ்க்ரூ டிரைவரெல்லாம் அதுலதான் போட்டு வச்சிருக்கேன். சத்தியமா சொல்றேன், அந்த ஒரு பாட்டில் விலைக்கு இது நாலு வாங்கலாம். இதுல இருக்கற புகையில கால்வாசி அதுல இல்ல. இன்னொண்ணு... இந்த லேபிளோட பின்பக்கம், கீழ் ஓரத்துல...

நர்ஸம்மா: 'நிறத்துக்காக கேரமல் சேர்க்கப்பட்டுள்ளது.' எனக்கு மனப்பாடம்.

ஜாம்காரர்: சேர்த்தா சேர்த்தேன்னு சொல்றான் பாருங்க! ஒரு பீப்பாய் வெளுப்பா வரும், ஒண்ணு கறுப்பா வரும். எல்லாம் ஒரே மாதிரி தெரியணும்னு ரெண்டு சொட்டு விடுறான். விட்டதை ஒத்துக்கறான். அந்த மரப்பெட்டிக்காரனுக்கு லெட்டர் போட்டேனே... ஐயா, நீங்க கலர் போடுறீங்களா, இல்லையான்னு.

நர்ஸம்மா: பதில் வந்துச்சா?

ஜாம்காரர்: ரெண்டு பக்கம். மலை இருக்கு, ஓடை இருக்கு, அவங்க தாத்தாவோட தாத்தா இருக்காரு. ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல.

நர்ஸம்மா: உங்களை மாதிரியே.

ஜாம்காரர்: என்னது?

நர்ஸம்மா: மணி என்ன?

ஜாம்காரர்: மூணே கால்.

நர்ஸம்மா: நாலு மணிக்கு உங்க பொண்ணு வருவா.

ஜாம்காரர்: ஞாயித்துக்கிழமைன்னா வருவா.

நர்ஸம்மா: இன்னைக்குக் கையெழுத்து வாங்க ஃபாரத்தோட வருவா.

ஜாம்காரர்: ...உங்களுக்கு யாரு சொன்னது?

நர்ஸம்மா: என் பையன். நேத்து போன்ல. 'அம்மா, மாமாவை முதியோர் ஹோம்ல சேர்க்கப் போறோம், பாவம், இனிமே தனியா விட முடியாது'ன்னு. கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. நீங்க என்னடான்னா இங்க உட்கார்ந்து ஓடை, மலைன்னுட்டு...

ஜாம்காரர்: சொல்லலாம்னுதான் இருந்தேன்.

நர்ஸம்மா: எப்போ? மூட்டை கட்டி வண்டியில ஏத்தின பிறகா?

ஜாம்காரர்: நான் போக மாட்டேன் சம்பந்தி. வேண்டாம்மான்னு சொல்லிடுவேன். அவ்வளவுதானே.

நர்ஸம்மா: உங்களுக்கு மறதியாம். என்னைக்காவது வீட்டைக் கொளுத்திடுவீங்களாம். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஸ்ட்ராபெரி ஜாம்ல விட்ட சாயத்தோட நம்பரைச் சொல்ற ஆளுக்கு மறதியா? யாரு கிளப்பி விட்டது இதை?

ஜாம்காரர்: யாரும்...

நர்ஸம்மா: சம்பந்தி.

ஜாம்காரர்: ...நான்தான்.

நர்ஸம்மா: என்ன நீங்கதான்?

ஜாம்காரர்: நீங்க மூணரைக்குக் கிளம்பிடறீங்க. நான் கிளாஸைக் கழுவிடறேன். ஆனா இந்தப் புகை போறதில்ல. சட்டையில இருக்கு, மேஜைத் துணியில இருக்கு. அவ உள்ள வந்ததுமே மூக்கை உறிஞ்சுவா. 'அப்பா, ஏதோ தீயுது.'

நர்ஸம்மா: நீங்க என்ன சொன்னீங்க?

ஜாம்காரர்: மொத தடவை ஒண்ணும் சொல்லல. அவ எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்து வீடு பூரா வயரை மாத்திட்டா.

நர்ஸம்மா: ஐயோ!

ஜாம்காரர்: அப்புறம் மேல பாருங்க, வெள்ளையா, வட்டமா. புகை அலாரம். வாசனை வருது, அது அடிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை பேட்டரி மாத்திட்டா.

நர்ஸம்மா: சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கேன். அப்புறம்?

ஜாம்காரர்: அவளே தவிக்கிறா, பார்க்கப் பாவமா இருந்துச்சு. பாலை அடுப்புல வச்சு மறந்துட்டேம்மான்னேன்.

நர்ஸம்மா: எத்தனை தடவை மறந்தீங்க?

ஜாம்காரர்: ...நாலு.

நர்ஸம்மா: நாலு தடவை!

ஜாம்காரர்: அஞ்சாவது வாரம் அந்த வாணலி வேற. நீங்கதானே கேட்டீங்க, இந்த கேரமல் கலர் எப்படித்தான் செய்யறாங்கன்னு?

நர்ஸம்மா: ஆமா, சர்க்கரையைக் கருக்கிக் காட்டினீங்க. அடி பிடிச்சு, தூக்கிப் போட்டாச்சே?

ஜாம்காரர்: குப்பைக் கூடையிலேர்ந்து எடுத்துட்டா. போட்டோ பிடிச்சு மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டா. மறுநாளே டாக்டர்.

நர்ஸம்மா: டாக்டர் என்ன சொன்னாரு?

ஜாம்காரர்: நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாரு. ரெண்டு மிச்சம் வர்ற வரைக்கும் கழிச்சேன். மனுஷன் அசந்துட்டாரு.

நர்ஸம்மா: அப்புறமென்ன?

ஜாம்காரர்: 'பரீட்சைன்னா அப்பா எப்பவும் நல்லாத்தான் எழுதுவாரு டாக்டர், வீட்லதான் இப்படி'ன்னுட்டா.

நர்ஸம்மா: விஸ்கிம்மான்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? உங்க வயசுக்கு உங்களை யாரு அடிக்கப் போறா?

ஜாம்காரர்: விஸ்கின்னு சொன்னா, எதுக்கு ரெண்டு கிளாஸ்ன்னு கேப்பா.

நர்ஸம்மா: கேக்கட்டும்.

ஜாம்காரர்: யாரு வர்றான்னு கேப்பா. உங்களுக்கு இது பொண்ணு எடுத்த வீடு. நாளைக்கு அவ உங்க முகத்தைப் பார்க்கறப்போ, உங்க பையன் உங்களை...

நர்ஸம்மா: நிறுத்துங்க. என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு உங்க மூளைக்குக் கெட்ட பேரு வாங்கினீங்களா?

ஜாம்காரர்: அப்படியில்ல...

நர்ஸம்மா: நான் கேட்டேனா உங்களை? எனக்கு அறுபத்தொன்பது முடியப் போகுது, என் வீட்டுக்காரர் போயும் ரொம்ப வருஷமாச்சு. இந்தப் பேரை வச்சு நான் என்ன, தேர்தல்ல நிக்கப் போறேனா?

ஜாம்காரர்: மூணரை ஆச்சு. நீங்க கிளம்புங்க. நான் பார்த்துக்கறேன்.

நர்ஸம்மா: நான் கிளம்பல.

ஜாம்காரர்: சம்பந்தி...

நர்ஸம்மா: கிளாஸைக் கழுவாதீங்க. வைங்க அங்கேயே. பாட்டிலையும் உள்ள வைக்காதீங்க. லேபிள் அவ பக்கம் தெரியற மாதிரி திருப்புங்க.

ஜாம்காரர்: சரி, சரி... ஒண்ணு செய்வோம். விஸ்கியைச் சொல்லிடலாம். நீங்க இன்னைக்கு ஏதோ தற்செயலா வந்தீங்கன்னு...

நர்ஸம்மா: பாதி லேபிளா?

ஜாம்காரர்: கொஞ்சம் கொஞ்சமா சொல்லலாம்னுதான்.

நர்ஸம்மா: சாயத்தைப் போட்டுட்டு அதை எழுத வேண்டாம்னு மேனேஜர் சொன்னப்போ, முடியாதுன்னு ரெண்டு வருஷம் பாட்டில் கழுவற பக்கம் போய் நின்ன மனுஷன் நீங்க. நான் அதைக் கேட்டுத்தான் உங்களை நிமிர்ந்தே பார்த்தேன்.

ஜாம்காரர்: அது மேனேஜர். இது பொண்ணு.

நர்ஸம்மா: பயமா இருக்கா?

ஜாம்காரர்: ரொம்ப.

நர்ஸம்மா: எனக்கும்தான். ஆனாலும் இன்னைக்குச் சொல்றோம். எல்லாத்தையும்.

ஜாம்காரர்: எல்லாத்தையுமா?

நர்ஸம்மா: எல்லாத்தையும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

ஜாம்காரர்: விஸ்கியை நீங்க சொல்லுங்க. மத்தது... பெல் அடிக்குது. நாலு ஆகலையே?

நர்ஸம்மா: உட்காருங்க. நான் திறக்கறேன். வாம்மா.

மகள்: அத்தை? நீங்க... நீங்க எங்க இங்க? அப்பாவுக்கு ஏதாவது... ஐயோ, இதோ, மறுபடியும்! தீயுது! அப்பா, அடுப்பை அணைச்சீங்களா?

ஜாம்காரர்: அடுப்பே பத்த வைக்கலம்மா.

மகள்: நீங்க அப்படித்தான் சொல்வீங்க. தள்ளுங்க, நான் பார்க்கறேன்... சில்லுன்னு இருக்கு. அலாரமும் அடிக்கல. அப்போ எங்கேர்ந்துதான் வருது?

நர்ஸம்மா: இங்க வா. பையை வை. இந்த கிளாஸை மோந்து பாரு.

மகள்: என்ன அத்தை இது, நான் எவ்வளவு பதட்டத்துல... ம்ம்? ஐயே! இதுதான்! இதே வாசனைதான்! என்னது இது?

நர்ஸம்மா: விஸ்கி. புகை போட்ட விஸ்கி.

மகள்: அப்பா, நீங்க குடிக்கறீங்களா?

நர்ஸம்மா: நானும்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம், ரெண்டு. சின்னது.

மகள்: அத்தை!

ஜாம்காரர்: ஒண்ணரைதான்மா. ரெண்டாவதை அவங்க முடிக்க மாட்டாங்க.

மகள்: இருங்க... இருங்க. அப்போ அந்தப் பால்?

ஜாம்காரர்: எந்தப் பாலும் தீயல.

மகள்: நாலு தடவை சொன்னீங்களேப்பா.

ஜாம்காரர்: நாலும் பொய்.

மகள்: வாணலி? அதை நான் என் கையால எடுத்தேன்.

நர்ஸம்மா: அது என்னால. இந்த பாட்டில்ல கலருக்கு என்ன சேர்க்கறாங்கன்னு கேட்டேன். சர்க்கரையைக் கருக்கிக் காட்டினாரு. பேச்சு சுவாரஸ்யத்துல ரெண்டு பேருமே அடுப்பைப் பார்க்கல.

மகள்: நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு. நாலு மாசமா நான் தூங்கலப்பா. தெரியுமா உங்களுக்கு?

ஜாம்காரர்: அம்மாடி...

மகள்: ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு, உங்க தெருப் பேரைப் போட்டு, தீ விபத்துன்னு போன்ல தேடிட்டே இருப்பேன். ஃபயர் வண்டி சத்தம் கேட்டா வேலையை விட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். எல்லாரும் என்னைப் பைத்தியம்னு நினைக்கிறாங்க. ரெண்டு கிளாஸ் விஸ்கியை மறைக்கவா இது?

ஜாம்காரர்: நீ இவ்வளவு தவிச்சது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே...

மகள்: தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க.

நர்ஸம்மா: திட்டு. நல்லா திட்டு. தண்ணி குடிச்சுட்டு இன்னும் கொஞ்சம் திட்டு. எங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு.

மகள்: ...மறதி இல்லையேன்னு சந்தோஷப்படறதா, அழறதான்னே தெரியல அத்தை.

நர்ஸம்மா: ரெண்டும் செய். அப்புறம் அந்த ஃபாரத்தைக் கிழி.

மகள்: அது எப்படி அத்தை? பால் பொய்யா இருக்கலாம். வயசு பொய் இல்லையே. அவருக்கு எழுபத்திரெண்டு. நாளைக்கு பாத்ரூம்ல வழுக்கினா யாரு தூக்குவா? அங்க இடம் கிடைக்கிறதே குதிரைக் கொம்பு. புதன்கிழமைக்குள்ள கொடுக்கணும்.

ஜாம்காரர்: நான் போகல.

மகள்: அப்பா, அடம் பிடிக்காதீங்க.

ஜாம்காரர்: அடம் இல்ல. போகலன்னு சொல்றேன். இத்தனை நாளா பார்க்கலாம், பார்க்கலாம்னு இழுத்தேன், அதுவும் ஒரு பொய்தான். இப்ப நேரா சொல்றேன். போக மாட்டேன்.

மகள்: ராத்திரி நெஞ்சு வலிச்சா? கூப்பிட்ட குரலுக்கு இந்த வீட்ல யாரு இருக்கா? நான் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்ப்பா. எனக்கு உங்களைத் தள்ளி விடணும்னு ஆசையா? தனியா கிடக்கறீங்களேன்னுதானே!

நர்ஸம்மா: அவ கேக்கறது நியாயம் சம்பந்தி. இதுக்குப் பதில் சொல்லாம எழுந்திருக்கக் கூடாது.

ஜாம்காரர்: அந்த ஃபாரத்தை எடும்மா, பார்க்கறேன்.

மகள்: எல்லாம் நானே எழுதிட்டேன், கையெழுத்து மட்டும்தான். பேரு, வயசு, ரத்த வகை... இந்தக் கட்டத்துல 'மனைவியை இழந்தவர்'னு டிக் போட்டிருக்கேன். கீழ, நெருங்கிய உறவுன்னு என் பேரு.

நர்ஸம்மா: சொல்லுங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்.

மகள்: என்ன சொல்லணும்? என்னப்பா? ஏன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறீங்க?

ஜாம்காரர்: அந்த டிக்கை அழிச்சிடும்மா. உங்கம்மா போய் ஒம்பது வருஷமாச்சு, அது நிஜம்தான். ஆனா போன மாசம் பதினொண்ணாம் தேதி காலையில பத்தரை மணிக்குப் பதிவு ஆபீஸ்ல நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம். இன்னையிலேர்ந்து அவங்க மூணரைக்குக் கிளம்ப மாட்டாங்க. நீ கூப்பிடறதை மாத்த வேண்டாம், அத்தைன்னே கூப்பிடு.