முனீஸ்வரன் சேவல் பன்றிக் கொட்டகைக்குப் போனது குறித்து

என் பெயர் வேலம்மாள். வயது ஐம்பத்திரண்டு. கணவர் பெயர் குழந்தைவேல். பாகூர் கொம்யூன், குருவிநத்தம், கிழக்குத் தெருவில் குடியிருந்து கரும்பு வெட்டும் வேலை செய்துவருகிறேன். பறவைக் காய்ச்சல் தடுப்பு வேலைக்கு இடைஞ்சலாகச் சேவலை ஒளித்துவைத்தேன் என்று வந்த புகாரில் போலீசார் விசாரிக்க, யாருடைய மிரட்டலும் இல்லாமல் சொல்கிறேன். மிரட்டினாலும் இதையேதான் சொல்வேன்.

என் மகள் சுவேதாவுக்கு நெடுநாளாகக் கரு தங்காததால், தங்கிப் பிள்ளை நல்லபடி பிறந்தால் சேவல் அறுத்துப் பொங்கல் வைப்பதாக முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு சேவலை நேர்ந்துவிட்டேன். கரு தங்கியது. வளைகாப்பு முடிந்து மகள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். மேற்படி சேவல் யாரையும் மதிக்காது. என் கணவரைக் கண்டால் துரத்தும். சாமிக்கு விட்டது என்பதால் அவரும் வாயை மூடிக்கொண்டு ஓடுவார்.

இந்நிலையில் எங்கள் ஊர்ப் பண்ணையில் கோழிகள் செத்துவிழ, கால்நடை டாக்டர் இளவரசி ரேஷன் கடை எதிரில் கூட்டம் போட்டார். இந்தக் கிருமி இப்போதைக்குப் பறவைகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும் என்றும், ஊரில் உள்ள கோழிகளை எல்லாம் மறுநாள் கொன்று புதைக்கப்போவதாகவும் சொன்னார். சாமிக்கு விட்டதை வேறொருவர் கொன்றால் வேண்டுதல் கழியாது, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு, பறவைக்கு வருகிற நோய் பறவையே இல்லாத இடத்தில் எப்படி வரும் என்று யோசித்து, சேவலைக் கூடையில் போட்டுப் புடவையால் மூடி, பாகூர் ஏரிப் பக்கம் பன்றி வளர்க்கும் ஆண்டனியின் கொட்டகையில் விட்டேன். இந்தப் புத்தி ஊரில் வேறு யாருக்கும் வரவில்லையே என்று அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆண்டனிக்கு அப்போது காய்ச்சலும் சளியும். "நானே மூக்கு ஒழுவிக்கினு பன்னிங்களோட கெடக்கறன். ஒஞ்சேவலுக்கு இன்னா கேடு, வுட்டுட்டுப் போக்கா" என்றார்.

மறுநாள் நான் சேவலுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தபோது, சுற்றுவட்டாரப் பன்றிகளுக்குச் சளி எடுத்துப் பார்க்க அதே டாக்டரம்மா, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்போடு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். சேவல் ஒரு பன்றியின் முதுகில் ஏறி நின்று கூவியது. பக்கத்தில் ஆண்டனி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சேவல், பன்றி, ஆண்டனி மூவரையும் பார்த்துவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, ஒளிக்க ஒனக்கு ஒலகத்துல வேற எடமே கெடைக்கலியா?" என்றார். கிருமி தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும்போது பிழை விழும் என்றும், அநேகப் பிழைகளால் அதற்கு லாபமில்லை என்றும், சில பிழைகள் வாகாக விழுந்தால் பிராணிக்கும் மனிதனுக்கும் பொருந்திவிடும் என்றும், பன்றியின் உடம்பில் பறவைக் கிருமியும் மனிதக் கிருமியும் சேர்ந்தால் இரண்டும் கலந்து புதிதாக ஒன்றே பிறக்கலாம் என்றும் விளக்கினார். இதைக் கூட்டத்தில் சொல்லவில்லையே என்றேன். நீ எழுந்து போன பிறகு சொன்னேன் என்றார். வீட்டில் இருந்தவரை சேவலுக்குத் தீனி வைத்தது யார் என்று கேட்டார். மகள்தான் என்றேன். "புள்ளத்தாச்சிக்கு வந்தா தாங்காதும்மா" என்றார்.

சேவலைக் கொடுக்கச் சம்மதித்தேன். ஆனால் மஞ்சள் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்க வேண்டும், சேவல் உடம்பை உலுக்கினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று குறுக்கே நின்றேன். இடைஞ்சல் செய்தேன் என்பது இதுதான். டாக்டரம்மா மறுக்காமல் கையுறையோடு தண்ணீர் தெளித்தார். சேவல் அசையவில்லை. மறுபடி தெளித்து, கும்பிட்டும் பார்த்தார். சேவல் அவரை முறைத்தது. உடுப்புக்குள் ஆட்களுக்கு வியர்த்து ஊற்றியது. அப்போது ஆண்டனி பெரிதாக ஒரு தும்மல் போட்டார். சேவல் கொண்டை முதல் வால் வரை உலுக்கியது.

"அது தும்மல் சத்தத்துல ஒதறிச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "தும்ம வெச்சது யாரு?" என்று கேட்டேன்.

நானே பிடித்துக் கொடுத்தேன். என் கையில் மட்டும் அது கொத்தாமல் இருந்தது. பொங்கலும் இல்லை, படையலும் இல்லை. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். நான் அழுதேன். சேதி கேட்டு வந்த என் கணவரும் அழுதார். இனி துரத்த ஆளில்லை என்ற சந்தோஷமா என்று கேட்டதற்கு, என்னைத் திட்டினார்.

அதன் பிறகு எங்கள் எல்லோருக்கும், பன்றிகளுக்கும் பரிசோதனை செய்து யாருக்கும் அந்தக் காய்ச்சல் இல்லை என்றார்கள். சேவலுக்கும் இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒளித்தது தப்புதான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மகளுக்கு இந்த மாதம் பிரசவம். உத்தரவு கேட்டுத்தான் சேவலைக் கொடுத்தோம் என்பதை மட்டும் இதில் விடாமல் எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. போலீசோடு முனீஸ்வரனும் கேட்டுக்கொண்டிருப்பதால் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

(ஒப்பம்) வேலம்மாள்

சேவல் உடம்பை உலுக்கியதை நேரில் பார்த்தேன்.

(ஒப்பம்) இளவரசி, கால்நடை மருத்துவர்