எரியாத உடுப்பு

தொலைபேசியில் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிற ஆள் நான். அப்படிப் பதினோரு வருடம் போயிற்று. அவசரப்பட்டுச் செய்துவிட்டேன் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளக் கூடாது, மேடம், அதற்காகச் சொல்கிறேன்.

ஓஹையோவில் ஆறு பேர் வேலை செய்கிற பட்டறை எங்களுடையது. ராணுவ வண்டி தீப்பிடித்தால், உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை தாங்குகிற உடுப்பு தைக்கிறோம். துணி என் கண்டுபிடிப்பு. பொம்மைக்கு மாட்டி முப்பது தடவை கொளுத்திக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் ராணுவக் கொள்முதல் அலுவலகத்தில் புது ஆள் இருப்பார். முதலிலிருந்து விளக்க வேண்டும். கடைசியாக வந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"பொம்மையெல்லாம் கணக்குல வராதுங்க, மிஸ்டர் ஜெரால்ட் ஹ்ருஸ்கா. மனுஷங்க போட்டுக்கிட்டு நெஜத் தீக்குள்ள அஞ்சு நிமிஷம் இருந்த பதிவு இருந்தா அனுப்புங்க, பாக்கலாம்."

நியாயமான கேள்விதான். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு நான்கு உடுப்புகளை இலவசமாகக் கொடுத்தேன். அந்தக் குழுவில் இருந்த, பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளைட் பீமர் போட்டுப் பார்த்துவிட்டுப் புலம்பினார். "ஏம்ப்பா ஜெரால்ட், இடுப்புல கொஞ்சம் விட்டுத் தைக்கக் கூடாதா? எம் பொண்டாட்டி சமையலுக்கு இது தாங்காது." மறுநாளே இரண்டு அங்குலம் விட்டுக் கொடுத்தேன்.

எட்டு மாதத்தில் வந்தது ஒரு குப்பைத்தொட்டித் தீ, ஒரு சமையலறைப் புகை. அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே கைவிட்ட சோளக் கிடங்கு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூலை மூலையாகத் தேடினேன். ஒரு பூனை படுத்திருந்தது. தூக்கி வெளியே விட்டுவிட்டுத்தான் பற்றவைத்தேன். ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை நான்.

ஆனால் காலிக் கட்டிடத்துக்குள் தீயணைப்பு ஆட்கள் நுழைய மாட்டார்கள். வெளியே நின்று தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு என்ன பதிவு கிடைக்கும்? ஆகவே வண்டி வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன், கைக்குழந்தையோடு ஒரு பெண் உள்ளே போனதைப் பார்த்தேன் என்று.

கிளைட்தான் போனார். மூன்றே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

"ஜெரால்ட், நல்லாப் பாத்தியா? உள்ள யாரையுமே காணோமே."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பரண் மேல இருப்பாங்க, கிளைட்."

அவர் திரும்ப உள்ளே போனார்.

கூரை உத்தரம் விழுந்துதான் இறந்தார். தீ வைத்தது நான். இல்லாத பெண்ணைச் சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காலையிலிருந்து நீங்கள் அவருடைய மனைவியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உடுப்பை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பாருங்கள். தையலில்கூட ஒரு கருகல் இருக்காது. அந்த மனிதரை நெருப்பிலிருந்து காப்பாற்றியவன் நான், மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.