கேஜில் ஒரு கும்பிடு

மாரிகுப்பத்தில் கிளம்பிய பெங்களூரு ரயிலில், எதிர் சீட்டுப் பெண் தோழியிடம் திடீரென்று சொன்னாள்:

"எங்கப்பா எங்களுக்குத் தெரியாம சாமி கும்பிட்டிருக்காருடி."

"இன்னாடி சொல்ற? புத்தர் சங்கத்துல சாமியே இல்லன்னு பேசினவராச்சே!"

"தங்கச் சுரங்கத்துல இறங்கச்சொல்ல, கயித்துல தொங்குற கேஜ் கூண்டுல நின்னு தினம் மேல பாத்து கும்பிடுவாராம். அவரு நோட்டுல நேத்துதான் படிச்சேன். 'நான் கும்பிடுவது கடவுளை அல்ல. மேலே உட்கார்ந்து எங்கள் கயிற்றை இறக்குகிற, முகம் தெரியாத மனிதனை. எனக்கு மதம் அவ்வளவுதான்.'"

"எந்த மைன்ல?"

"நந்திதுர்க்ல."

தோழி எழுந்தே நின்றுவிட்டாள்.

"அடியே, அங்க கேஜை ஏத்தி எறக்குற வைண்டிங் இன்ஜின் ஓட்டுனதே எங்கப்பாதான்டி! கோயில் பக்கமே போவாத மனுஷன். ஏன்னு இப்பல்ல தெரியுது!"