இடது சீட்டின் மஞ்சள் கப்ளர்

கார் சீட்டுக்கு அடியில் ஜனங்கள் என்னென்ன வைப்பார்கள் தெரியுமா, ஐயா? குடை, பாதி தின்ற முறுக்குப் பொட்டலம், பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. ஒரு டாக்டர் காரிலிருந்து பல்செட்டே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தென்னூரில் பத்தொன்பது வருஷமாகக் கார் ஒயரிங் பார்க்கிறேன். ஆண்டி என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பொறுமையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மாதவன் சார் காரில் இருந்தது தண்ணீர் கேன். வீடு ஸ்ரீரங்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா மண்டபத்தில் காவிரித் தண்ணீர் பிடித்து, தில்லைநகரில் மகள் வீட்டுப் பூஜைக்குக் கொண்டுபோவார். அதை வைக்கிற இடம் இடது சீட்டுக்கு அடியில். அந்த சீட்டில்தான் அவர் சம்சாரம் விஜயராணி அம்மா உட்காருவார்.

ஏர்பேக் லைட் அணையவே மாட்டேன் என்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்கேனரைப் போட்டேன். இடது பக்க ஏர்பேக் லைனில் கோளாறு. கதவுப் பக்கமிருந்து வண்டி இடித்தால் விரிகிற பை அது, சீட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருப்பார்கள். அதைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டால் மூஞ்சியிலேயே வெடிக்கும். நான் எதிலும் அவசரப்படுகிறவன் இல்லை.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் ஒன்று இருக்கும். ஒயரும் ஒயரும் சேருகிற இடம். அதைக் கழற்றினால் சீட்டுப் பக்கத்துப் பாதி பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடந்தது. கேன் மூடி கீறல். வாரா வாரம் சொட்டியிருக்கிறது. உறுதி பண்ணிக்கொள்ள ஒரு வழி உண்டு. பைக்குப் போகிற ஒயரை விட்டுவிட்டு, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருக வேண்டும். வண்டி அதைப் பை என்று நம்பிவிடும், ஆனால் அது இருக்கிறவரை நிஜப் பை விரியாது. வைத்தேன், லைட் அணைந்தது. அப்படியென்றால் மற்ற ஒயரிங் எல்லாம் நன்றாக இருக்கிறது, பழுது அந்தப் பச்சைப் பாதியில்தான். சோதித்து முடித்ததும் ரெசிஸ்டரைக் கழற்றிவிட வேண்டும். அது தொழில்.

தண்ணீர்தான் காரணம், புதுக் கப்ளர் சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் தண்ணியக் குறை சொல்றியா? ஒயரை நீயே அறுத்துட்டுக் கதை விடுறியாய்யா? பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப்புல முப்பது வருஷம் மிஷின் பாத்தவன்கிட்டயேவா? துறையூர்ல மாடு மேய்ச்சவனெல்லாம் கார் பாக்க வந்துட்டான். லைட்டு அணையணும், இன்னைக்கே அணையணும். அவ்வளவுதான்."

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேரும் என் வாடிக்கை. ஒருவர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று, ஐயா, மறைக்க என்ன இருக்கிறது.

கூட வந்திருந்த அந்த அம்மாதான் குறுக்கே வந்தார்கள். "ஏங்க, சும்மா இருங்க. தம்பி, இவர் பேசுறதை மனசுல வெச்சுக்காதீங்க. நான்தான் இந்தப் பக்கம் உக்காருவேன். லைட்டு எரிஞ்சாலே பயமா இருக்கு. சரியாயிடும்ல?"

"ஆயிடும்மா, பயப்படாதீங்க" என்றேன்.

பிறகு குனிந்து, ரெசிஸ்டரைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினேன். நல்ல டேப். சாவியைப் போட்டால் லைட் ஆறு விநாடி எரிந்து அணைந்தது, ஷோரூம் வண்டி போல. அவர் அந்த மூன்று பேரையும் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது" என்றார்.

கப்ளருக்கு அன்றைக்கே ஆர்டர் போட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வந்துவிட்டது. மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். அவர் வந்து ஒரு வார்த்தை, தெரியாமல் பேசிட்டேன்ப்பா என்று சொல்லியிருந்தால் நின்ற நிலையில் மாற்றிக் கொடுத்திருப்பேன். மேஜை டிராயரில் அது ஏழு வாரம் கிடந்தது. நடுவில் அந்த அம்மா ஒருமுறை போன் பண்ணினார்கள்.

"தம்பி, லைட்டு அப்புறம் வரவே இல்லீங்க. இப்பத்தான் நிம்மதியா உக்காந்து போறேன். நீங்க நல்லா இருக்கணும்."

"சந்தோஷம்மா" என்றேன். டிராயர் திறந்துதான் இருந்தது.

மற்றது உங்களுக்கே தெரியும். கொள்ளிடம் பாலம் தாண்டிச் சந்துக்குள்ளிருந்து வந்த லாரி இடது கதவில் இடித்தது. பை விரியவில்லை. அந்த அம்மா ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார்கள். மாதவன் சாருக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்லை.

துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. மாலையும் வாங்கிக்கொண்டுதான் போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"லைட்டு அணைஞ்சுதானேப்பா இருந்துச்சு? அப்புறம் ஏன் விரியல? நான் வெச்ச தண்ணியாலதானா? நீ அன்னைக்கே சொன்னியே ஆண்டி. நான்தான் கேக்கல. என்னை மன்னிச்சிடுப்பா."

சுற்றி முப்பது, நாற்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது.

"ஆமா சார், தண்ணியாலதான்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து, ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

டேப்பைப் பிரித்து ரெசிஸ்டரை நீங்களே எடுத்துவிட்டீர்கள். அதை வைத்தது நான். எடுக்காமல் விட்டதும் நான். மறதி இல்லை, யார் சீட் என்று தெரிந்தே விட்டேன். எந்த இடத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் தயவுசெய்து மாற்றி எழுதிவிடாதீர்கள், நான் துக்க வீட்டில் பொய் சொன்னதாக. தண்ணீர் பட்டுத்தானே ஐயா பழுது வந்தது.