வியாழன் முதல் சனி வரை

கண்ணாடி இல்லாமலே இன்றைக்கும் என்னால் பொடி எழுத்து வாசிக்க முடியும். அறுபத்தெட்டு வயதில் இது பெரிய விஷயம் என்று கண் டாக்டரே சொன்னார். அதனால் நீங்கள் எழுதுகிற என் வாக்குமூலத்தைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து தர வேண்டியதில்லை. அப்படியே கொடுங்கள், வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். வாசிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

மேசைமேல் இருக்கிற கரண்ட் டெஸ்டரை எடுத்து உள்ளே வைக்க வேண்டாம், இருக்கட்டும். அது என் தம்பியுடையதுதான். என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேன். அப்போது அவனுக்குப் பத்து வயது. வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு அம்மாவிடம் அடி வாங்கிய வாரம். பிடியில் சுற்றியிருக்கிற சிவப்பு வயர் அவன் சுற்றியது. பழைய செங்கல் சூளையில் எலும்புகளோடு கிடைத்தது என்றீர்கள். சட்டைப் பையில்தான் இருந்திருக்கும். தூங்கும்போதுகூட அதை எடுத்து வைக்க மாட்டான்.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நூற்பாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று அட்டைகளைச் சரிபார்க்க வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் அட்டை போட்டால் என்னிடம் செல்லாது. புரட்சிக் கட்சியின் எங்கள் ஊர்க் குழுவை நடத்தியவர் ஒரு கணக்கு வாத்தியார், வேலையை விட்டுவிட்டு வந்தவர். எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். உழுகிறவனுக்கு நிலம், ஓட்டுகிறவனுக்கு ஆலை என்று அவர் பேச ஆரம்பித்தால் பசி தெரியாது. நானும் தம்பியும் அதை நம்பித்தான் சேர்ந்தோம். நான் இன்றும் நம்புகிறேன். அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையை முதலிலிருந்து எழுதித் தர வேண்டும். பிறந்தது, படித்தது, கட்சிக்கு வந்தது, போன வருடம் எந்த நாளில் எங்கே இருந்தது என்பது வரை. பழையதைப் பார்க்கக் கூடாது. வரலாற்றுத் தாள் என்போம். பெயர் இருக்காது, எண் மட்டும். புதிய தாளைப் பழைய தாளோடும் மற்றவர்களின் தாளோடும் வைத்து ஒப்பிடுவது என் பொறுப்பு. முரண் இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. தீர்ப்புச் சொல்வது தனி விஷயம், அதற்கு மூன்று பேர் உட்கார வேண்டும்.

உண்மை சொல்கிறவனின் தாள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். ஒரு வருடம் மழை என்று எழுதியவன் அடுத்த வருடம் தூறல் என்பான். பொய் சொல்கிறவன்தான் மனப்பாடம் செய்து வைத்திருப்பான், ஓர் எழுத்துப் பிசகாது. இதை வாத்தியாருக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை. "அக்கா, நீ வாசிச்சா எழுதினவனுக்கே தன்மேல சந்தேகம் வந்துடும்" என்பான்.

இருபத்தாறு வயதில் அவன் தலைமறைவானான். பக்கத்து ஊர் லேத் பட்டறையில் வேறு பெயரில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். அப்படிப் போனவனுக்கு வீட்டோடு ஒட்டும் கூடாது உறவும் கூடாது. வீட்டிலிருந்து சேதி அனுப்புகிறவருக்கும் கட்சியில் இடம் இல்லை. போகிறவன் பின்னாலேயே போலீஸ் வரும் என்பது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. நியாயமான விதி. அதை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி.

இரண்டு வருடம் கழித்து அம்மா சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தாள். பதினோரு மாதம் நான்தான் பார்த்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவன் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஆலையில் எரிந்துபோன மோட்டார்கள் அந்தப் பட்டறைக்குத்தான் காயில் சுற்றப் போகும். ஒரு மோட்டாருக்குள் சீட்டு வைத்து அனுப்பினேன். "அம்மா கேக்கறா. வா." அவ்வளவுதான் எழுதினேன்.

வியாழக்கிழமை காலை ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்தான், ஃபேன் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு. மூன்று நாள் அந்த ஏணியில் உட்கார்ந்தபடி அம்மாவைப் பார்த்தான். நர்சுகள் சும்மா விடுவார்களா, இது ஓடவில்லை, அது ஓடவில்லை என்று வரிசையாகக் காட்டினார்கள். சனிக்கிழமைக்குள் வார்டில் எல்லா ஃபேனும் ஓடியது. அம்மா கண்ணைத் திறந்து, "காத்து வருதுடா" என்றாள். எனக்கு அவள் கண் திறந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. மத்தியானம் போய்விட்டாள். அவன் இறங்கி அவள் காலைத் தொட்டான், ஏணியை மடக்கினான், போனான். மகன் என்று சொல்லிக்கொண்டு நின்று அழக்கூட முடியவில்லை.

திங்கட்கிழமை எங்கள் ஆட்கள் ஒளிந்திருந்த மாடி வீட்டைப் போலீஸ் சுற்றி வளைத்தது. மூன்று பேர் செத்தார்கள். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று வாத்தியார் எல்லோரையும் ஒரு வாரத்துக்குள் புதிதாக எழுதித் தரச் சொன்னார்.

பட்டறையிலேயே எங்கள் ஆள் இன்னொருவர் இருந்தார், லேத் ஓட்டுகிறவர். அவர் தாளில், வியாழன் முதல் சனி வரை மோட்டார் பழுது, பார்க்க ஆள் இல்லை, லேத் ஓடவில்லை என்று இருந்தது. இன்னொரு தாளில், மாதம் முழுக்கப் பட்டறையை விட்டு வெளியே போகவில்லை என்று இருந்தது. கோடு போட்டுவிட்டேன். கை முந்திவிட்டது, என்ன கிழமை என்று பிறகுதான் பார்த்தேன். அவன் எழுத்து எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அவனுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இருந்தாலும் கை முந்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சிவப்புப் பென்சில் கோடு அழியாது.

அவன் ஏன் பொய் எழுதினான் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி என்று எழுதினால், சேதி யார் அனுப்பியது என்று கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல் கடை மாடியில் உட்கார்ந்தோம். வாத்தியார், தையல்காரர், நான். பேச்சு கீழே கேட்காமல் இருக்கத் தையல்காரர் மெஷினை ஓட்டிக்கொண்டே இருப்பார். தம்பியைக் கூப்பிட்டார்கள்.

"வியாழன், வெள்ளி, சனி. எங்க இருந்தீங்க தோழர்?" என்றார் வாத்தியார்.

"சொல்ல முடியாது தோழர். நான் யாரையும் காட்டிக் குடுக்கல. அத மட்டும் நம்புங்க."

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மா தவறின வாரம் அது. உங்க தம்பி அங்க வந்தாரா?"

"வரல தோழர். ஆஸ்பத்திரியில நான் தனியாத்தான் இருந்தேன்."

தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சரி என்பதுபோல. அவன் சம்மதித்துவிட்டான் என்றே எடுத்துக்கொண்டேன். அவனை வெளியே இருக்கச் சொன்னார்கள். போகும்போது தையல்காரரிடம், பெல்ட் லூசாக இருக்கிறது, அதுதான் இந்தச் சத்தம் என்றான். என்னிடம், "ரொம்ப எளச்சுட்ட அக்கா. நேரத்துக்குச் சாப்பிடு" என்றான்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். அதற்கு முந்தின வருடம் ஒரு கம்பவுண்டரின் தாளில் இரண்டு நாள் இடித்தது. நான் கோடு போட்டேன். அவரையும் இதே அறையில்தான் விசாரித்தோம், அவரும் திரும்பி வரவில்லை. அவருக்கு ஒரு நியாயம், என் தம்பிக்கு ஒரு நியாயமா? நானே விதியை மீறியவள் என்று தெரிந்தால் நான் போட்ட கோடுகளை எல்லாம் யார் மதிப்பார்கள்? கம்பவுண்டரின் மனைவிக்கு என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொல்ல நான் பயந்தேன் என்று சிலர் நினைக்கலாம். நான் பயந்த சுபாவம் இல்லை.

இப்படிப்பட்ட தீர்மானத்துக்கு மூன்று கையும் உயர வேண்டும். ஒரு கை இறங்கி இருந்தாலும் ஆளைச் சும்மா விலக்கி வைப்பதோடு சரி. வாத்தியார் தூக்கினார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தூக்கினார். பிறகு வாத்தியார் சொன்னதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. "நீங்க அவனுக்குப் பெத்தவ மாதிரி. நீங்க தூக்கலைன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

நான் தூக்கினேன்.

வேறு ஊருக்கு மாற்றம் என்று அவனிடம் சொல்லப்பட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தையல்காரரும் இன்னொருவரும் கூட்டிப் போனார்கள். போகிற வழியில் சூளையில் ஒரு மோட்டார் பழுது, பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லச் சொன்னது நான். அப்படிச் சொன்னால் சந்தோஷமாகப் போவான், பயப்பட மாட்டான். டெஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே நடந்தான் என்று தையல்காரர் பிறகு சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நான் அன்றைக்கு ஆலைக்குப் போய் அட்டைகளைப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. அவன் என் உயிர், ஐயா. அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

மூன்று வருடம் கழித்து அந்த மாடி வீட்டு வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனும் இல்லை. மாடியில் இரண்டு பேர் என்று சொன்னார்கள், ஆனால் தண்ணீர்த் தொட்டி தினமும் காலியாகிறது என்று கீழ்வீட்டுக்காரர் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. இரண்டு தடவை வாசித்தேன். கம்பவுண்டரின் மனைவி அப்போதும் ஊரில்தான் இருந்தாள்.

அதற்குப் பிறகும் கட்சி கலையும்வரை தாள்களை வாசித்தேன், அவன் போனதிலிருந்து மொத்தம் பதினான்கு வருடம். நீங்கள் கைப்பற்றிய தாள் கட்டுக்குள் நான்காம் எண் என்னுடையது. நானும் வருடா வருடம் எழுதினேன். என் தாளையும் நான்தான் ஒப்பிட வேண்டியிருந்தது, வேறு ஆள் இல்லை. எடுத்து வரிசையாக அடுக்கிப் பாருங்கள். "வியாழன் முதல் சனி வரை அம்மாவுடன் ஆஸ்பத்திரியில் நான் தனியாக இருந்தேன்." பதினான்கு தாளிலும் அதே வாக்கியம்தான் இருக்கும், ஓர் எழுத்துப் பிசகாது. ஒவ்வொரு வருடமும் கவனமாக வாசித்தேன், கோடு போடவில்லை.