அரை மூட்டை அனுப்பாதவர்

மூணாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் அருப்புக்கோட்டையில் என் பேரைச் சொன்னால் போதும், என் கடைவாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஒருத்தர் வாயைத் திறந்தாலே ஆளை எடை போட்டுவிடுவேன். எழுபத்திரண்டாம் வருசம் வாக்கில், திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியும், மதுரையில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி பண்ணும் அவர் மகனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அரை மூட்டையா அனுப்புனா உன் புரபசரு நம்மள என்ன நெனைப்பாக? அதான் தகரை வேரையும் போட்டு நெறச்சுத் தச்சேன்” என்றார் அப்பா.

“நான் ஆராய்ச்சிக்கு ஆவாரம் வேரு மட்டுந்தானே கேட்டேன்!”

“மழையில்லாம தரை கல்லாக் கெடந்துச்சுப்பா, கடப்பாரை எறங்கல. தகரைன்னா கையால இழுத்தாலே வந்துருது. ரெண்டும் மஞ்சப் பூதானே பூக்குது?”

மகன் குரல் இறங்கிவிட்டது. “ஆவாரம் வேர்ல இதுவரைக்கும் யாரும் பாக்காத ஒரு பொருளைக் கண்டுபிடிச்சேன்னு தீசிஸ் எழுதி முடிச்சிட்டேன். அடுத்த மாசம் குடுக்கணும்.”

“நல்லதுதானப்பா.”

“அது தகரையில உள்ளதா இருக்கும்.”

“எதுல இருந்தா என்ன, நம்ம காட்டுல வெளைஞ்சதுதானே!”

“எத்தன மூட்டையில கலந்தீக?”

“மூணு வருசமா ஒரு மூட்டையும் கொறையா அனுப்பல. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?”

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இப்பவும் ஒண்ணு தச்சு வச்சிருக்கேன். போகையில கொண்டுபோயிரு.”

“சரிய்யா” என்றான்.