தோலுக்கு வந்தவரின் இடுப்பளவு

காலை ஒன்பது இருபதுக்குச் செல்வியின் கணவரை இரண்டாம் முறையாக உள்ளே அழைத்தார்கள். விழுப்புரத்தில் அந்தத் தோல் மருத்துவரின் அறை வாசலில், சொரியாசிஸ் வந்த என் மகளோடு நானும் காத்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தோம். பக்கத்து நாற்காலிகளில் செல்வியும் அவள் நாத்தனாரும்.

"செதில் உதிருதுன்னு வந்தா, டேப்பு வச்சு இடுப்பை அளக்கறாங்க அண்ணி. பேன்ட்டா தைக்கப் போறாங்க?"

"என் தம்பி தொப்பைக்கு ஒரு டேப்பு பத்தாது செல்வி."

செல்வி சிரிக்கவில்லை. "பிரஷர் பார்த்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. வேற யாரோன்னு நெனச்சிக்கினு பண்றாங்களோன்னு நர்ஸைக் கேட்டேன். இந்த சொரியாசிஸ் இருந்தா சுகரு, பிரஷரு, கொழுப்பு எல்லாம் கூட வரலாமாம். மாரடைப்புகூட வருமாம் அண்ணி."

"தோலுக்கும் நெஞ்சுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"வெளிய எரியறது உள்ளயும் எரியுதாம்."

என் மகள் செல்போனிலிருந்து நிமிர்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செல்வியின் குரல் இறங்கியது. "உடம்புச் சூட்டாலதான் செதில் உதிருதுன்னு, குளிர்ச்சிக்கு தெனம் கரும்பு ஜூஸ் வாங்கிக் குடுத்தேனே. வேணாம்னாலும் விடமாட்டேன்."

"அதைக் குடுக்கச் சொன்னதே நான்தானேடி" என்றாள் நாத்தனார்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டரே வெளியே வந்தார்.

"சுகர் ரொம்ப ஏறியிருக்கும்மா. இன்னைக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. தோலுக்குன்னாவது வந்தாரே" என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, "அடுத்தது நீ வாம்மா" என்றார்.